கட்டணம் உயர்ந்தால் வருமானம் உயருமா?

அரசாங்கம் ஒரு கட்டணத்தை உயர்த்திற்று என்ற செய்தி வந்தவுடன் ஊரில் இருவகைப் பேச்சு எழுவது வழக்கம். ‘கஜானா நிரம்பப் போகிறது’ என்பார் ஒரு சாரார். ‘ஏழை தலையில் சுமை ஏறிற்று’ என்பார் மற்றொரு சாரார். இரண்டு சாராரும் பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பார்த்துப் பேசுவதில்லை. கட்டண வீதம் ஏறிய பின் பத்திரம் ஒன்றுக்குச் செலுத்தும் மொத்தத் தொகை இறங்கியதும் உண்டு. வீதம் இறங்கிய பின் அத்தொகை ஏறியதும் உண்டு. இவை இரண்டும் தமிழ்நாட்டிலேயே, ஒரே இலாகாவில், ஆறு ஆண்டு இடைவெளிக்குள் நிகழ்ந்தன. 2017 ஆம் ஆண்டிலும் 2023 ஆம் ஆண்டிலும் பத்திரப் பதிவில் செய்யப்பட்ட மாறுதல்களையே இங்குக் குறிப்பிடுகிறோம்.

தறிக்கூடம் போடுவதற்கு இடம் வாங்கும் நெசவாளருக்கும், தகப்பனார் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொள்ளும் விவசாயிக்கும், அடமானக் கடனைத் தீர்த்து ரசீது பதியும் அங்கத்தினருக்கும் இச்செய்தி சொந்தச் செய்தியே ஆகும். அன்றியும், நம் சங்கங்களே பலவகைக் கட்டணங்களை வசூலிக்கின்றன. ஆதலின் கட்டணத்திற்கும் வருமானத்திற்கும் உள்ள உறவை அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம். அதனை இப்பாடத்தில் படிப்படியாகக் காண்போம்.

வரியும் கட்டணமும்

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். வரி என்பது பொதுச் செலவுக்காக எல்லோரும் சுமக்கும் பொதுச் சுமை. வரி செலுத்தியவர், ‘எனக்கு இதற்கு ஈடாக என்ன கிடைத்தது?’ என்று தனித்துக் கேட்க இடமில்லை. கட்டணம் அத்தகையதன்று. குறிப்பிட்ட ஒரு சேவையைப் பெறுவோர் அச்சேவைக்காகக் கொடுப்பது கட்டணம்.

இவ்வேறுபாட்டை உச்சநீதிமன்றம் விரித்துரைத்தது நம் சென்னை ராஜ்யத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே ஆகும். 1951 ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி மடங்களும் கோயில்களும் தம் வருமானத்தில் ஒரு பகுதியை அரசாங்கத்திற்குச் செலுத்த வேண்டியிருந்தது. சிரூர் மடம் வழக்கில் 1954 இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், அத்தொகை அரசாங்கத்தின் பொதுத் தொகுப்பில் சேர்ந்துவிடுவதையும், செய்யும் சேவையின் செலவுக்கும் வசூலுக்கும் தொடர்பு காட்டப்படாததையும் எடுத்துக்காட்டி, பெயர் எதுவாயினும் அது வரியே என்று கூறிற்று.

இந்த அளவுகோல் பின்னர் ஓரளவு தளர்ந்தது. பஞ்சாப் மாநிலத்தில் விளைபொருள் சந்தைக் கட்டணத்தை நூற்றுக்கு 2 ரூபாயிலிருந்து 3 ரூபாயாக உயர்த்தியதை 1979 இல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. சந்தைக் குழுக்களின் பணம் மருத்துவக் கல்லூரிக்கு நன்கொடையாகச் சென்றது போன்ற செய்திகள் அவ்வழக்கில் ஆராயப்பட்டன. கல்லூரி நற்காரியமே; எனினும் மூட்டை கொண்டுவந்தவர் செலுத்திய கட்டணத்தின் பயன் சந்தைக்குத் திரும்ப வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். 1983 இல் ஆந்திர மாநிலச் சந்தைக் கட்டணம் பற்றிய வழக்கில், காசுக்குக் காசு ஈடு காட்ட வேண்டுவதில்லை, பொதுப்பட ஒரு நியாயமான தொடர்பு இருந்தால் போதும் என்று அதே நீதிமன்றம் கூறிற்று. தொடர்பின் அளவு தளர்ந்ததே தவிர, தொடர்பே வேண்டாம் என்று ஆகிவிடவில்லை.

வருமானத்தின் மூன்று உறுப்புகள்

நூற்றுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படும் எந்த வருமானத்திற்கும் மூன்று உறுப்புகள் உண்டு. ஒன்று, வீதம். இரண்டு, அந்த வீதம் எந்த மதிப்பின் மேல் கணக்கிடப்படுகிறதோ அந்த மதிப்பு. மூன்று, எண்ணிக்கை. இம்மூன்றின் பெருக்கமே வருமானம். பத்திரிகைத் தலைப்பில் வருவது பெரும்பாலும் வீதம் மட்டுமே.

பத்திரப் பதிவில் மதிப்பு என்பது எது? கிரயத் தொகை, அரசாங்கம் நிர்ணயித்துள்ள வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன் மேல் கணக்கிடுவது வழக்கம். வழிகாட்டி மதிப்புக்குக் குறைந்த விலை எழுதப்பட்டிருப்பின், உண்மையான சந்தை மதிப்பை விசாரித்து நிர்ணயிக்குமாறு பதிவு அதிகாரி மேலதிகாரிக்கு அனுப்பலாம். இதற்குரிய 47-ஏ பிரிவு 1967 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் முத்திரைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

2017 ஜூன் 8 ஆம் தேதி வரை கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 5 ரூபாய்; ஸ்தல ஸ்தாபனங்களுக்குரிய சொத்து மாற்றுத் தீர்வை 2 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1 ரூபாய். ஆக 8 ரூபாய். ஜூன் 9 முதல் வழிகாட்டி மதிப்பு மாநிலம் முழுவதும் 33 சதவிகிதம் குறைக்கப்பட்டது. பதிவுக் கட்டணம் 4 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆக 11 ரூபாய். 2023 ஏப்ரல் 1 முதல் வழிகாட்டி மதிப்பு பழைய நிலைக்கே உயர்த்தப்பட்டது. பதிவுக் கட்டணம் 2 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஆக 9 ரூபாய்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வழிகாட்டி மதிப்புள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். அது வழிகாட்டி மதிப்பிலேயே பதிவு செய்யப்படுகிறது என்றும் கொள்வோம்.

2017 ஜூன் 8 வரை: முத்திரைத் தீர்வை ரூ. 5,000, சொத்து மாற்றுத் தீர்வை ரூ. 2,000, பதிவுக் கட்டணம் ரூ. 1,000. மொத்தம் ரூ. 8,000.

2017 ஜூன் 9 முதல், மதிப்பு ரூ. 67,000: முத்திரைத் தீர்வை ரூ. 3,350, சொத்து மாற்றுத் தீர்வை ரூ. 1,340, பதிவுக் கட்டணம் ரூ. 2,680. மொத்தம் ரூ. 7,370.

2023 ஏப்ரல் 1 முதல், மதிப்பு மீண்டும் ரூ. 1,00,000: முத்திரைத் தீர்வை ரூ. 5,000, சொத்து மாற்றுத் தீர்வை ரூ. 2,000, பதிவுக் கட்டணம் ரூ. 2,000. மொத்தம் ரூ. 9,000.

‘பதிவுக் கட்டணம் நான்கு மடங்கு உயர்ந்தது’ என்பது 2017 ஆம் ஆண்டின் செய்தி. ஆனால் மேற்சொன்ன மனையை வாங்கியவர் முன்னிலும் 630 ரூபாய் குறைவாகவே செலுத்தினார். ‘பதிவுக் கட்டணம் பாதியாகக் குறைந்தது’ என்பது 2023 ஆம் ஆண்டின் செய்தி. அதே மனைக்கு 1,630 ரூபாய் அதிகமாயிற்று. இரண்டு செய்திகளும் பொய்யல்ல. மூன்று உறுப்புகளில் ஒன்றை மட்டும் சொன்னதனால் வந்த மயக்கமே இது.

குறைவு யார் பங்கில் விழுந்தது?

இக்கணக்கில் நம் அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மாநில அரசாங்கத்திற்கு உரியவை. இவ்விரண்டையும் கூட்டினால் 2017 மாறுதலுக்கு முன் 6,000 ரூபாய். மாறுதலுக்குப் பின் 6,030 ரூபாய். அரசாங்கத்தின் பங்கு ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. ஸ்தல ஸ்தாபனங்களுக்குரிய பங்கோ 2,000 ரூபாயிலிருந்து 1,340 ரூபாயாக இறங்கிற்று. மதிப்புக் குறைந்ததனால் வந்த நஷ்டத்தை மாநிலம் தன் கட்டணத்தை உயர்த்தி ஈடு செய்துகொள்ள முடிந்தது. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அவ்வாறு உயர்த்தப்பட்ட பங்கு எதுவும் இல்லை. வழிகாட்டி மதிப்பில் பதிவான பத்திரம் ஒவ்வொன்றிலும் அவற்றின் பங்கில் 660 ரூபாய் குறைந்தது. இத்தகைய பத்திரங்கள் நூறு பதிவாயின் 66,000 ரூபாய் ஆகும். தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் நடைபெறும் பணம் அது.

இதுவே நோக்கமாக இருந்தது என்று நாம் கூறவில்லை. மதிப்பு சந்தை விலைக்கு மேற்பட்டுப் போயிருந்த இடங்களில் அதைக் குறைப்பதற்கு நியாயம் உண்டு. எனினும் ஒரு மாறுதலின் மொத்த விளைவை மட்டும் பார்த்தால் போதாது; எந்தப் பைக்கு எவ்வளவு என்று பிரித்தும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அரிது.

உண்மை விலை எழுதுபவர் நிலை

மேற்கண்ட கணக்கு வழிகாட்டி மதிப்பில் பதிவு செய்பவருக்குப் பொருந்தும். கொடுத்த விலையை ஒளிக்காமல் எழுதுபவர் கதி என்ன? அதே மனையின் உண்மை விலை ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2017 மாறுதலுக்கு முன் அவர் செலுத்தியது 12,000 ரூபாய். மாறுதலுக்குப் பின் 16,500 ரூபாய். கடன் வாங்கி இடம் வாங்குவோர் பெரும்பாலும் இவ்வகையினரே. உண்மை விலை பத்திரத்தில் இருந்தால்தான் அதற்கேற்ற கடன் கிடைக்கும்.

விலையைக் குறைத்து எழுதுவது சட்ட விரோதம். எனினும் அதற்கு எவ்வளவு ஆசை காட்டப்படுகிறது என்பதையும் கணக்கிட வேண்டும். 2017 ஜூன் 8 வரை உண்மை விலைக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் உரிய செலவில் வித்தியாசம் 4,000 ரூபாய். மறுநாள் முதல் அது 9,130 ரூபாய் ஆயிற்று. 2023 மாறுதலுக்குப் பின் 4,500 ரூபாய். வீதத்தை உயர்த்தி மதிப்பைத் தாழ்த்தினால் நேர்மையாளருக்குச் சுமை ஏறும்; மறைப்பவருக்கு லாபம் ஏறும். வீதம் தாழ்ந்தும் மதிப்பு உண்மைக்கு அருகில் இருந்தும் நடைபெறும் வசூலே நியாயத்திற்கும் வருமானத்திற்கும் ஒருங்கே உகந்தது என்று நாம் கருதுகிறோம்.

நிலம் எடுக்கப்படும் போது

பத்திரத்தில் குறைவாக எழுதிய தொகை செலவைக் குறைத்ததோடு நின்றுவிடுவதில்லை. சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்கப்படும் போது அது திரும்பி வருகிறது. 2013 ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் 26 ஆவது பிரிவின்படி, முத்திரைச் சட்டத்திற்காக நிர்ணயிக்கப்பட்ட மதிப்பும், அண்மையில் பதிவான அத்தகைய நிலங்களின் சராசரி விலையும் ஒப்பிடப்படுகின்றன. உடன்பாட்டுத் தொகை இருப்பின் அதுவும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. இவற்றுள் அதிகமானதே சந்தை மதிப்பு. ஆறுதல் தொகையும் அதை அடிப்படையாகக் கொண்டே கணக்கிடப்படுகிறது. வழிகாட்டி மதிப்பும் தாழ்ந்து, ஊரார் பத்திரங்களும் தாழ்ந்த விலையில் இருந்தால், பின்னர் நிலம் இழக்கும் விவசாயி எதைக் காட்டி வாதாடுவார்? சார்பதிவாளர் அலுவலகத்தில் மிச்சப்படுத்திய ஆயிரங்களுக்காக லட்சங்களை இழக்க நேரிடலாம்.

மதிப்பை உயர்த்துவதற்கும் முறை உண்டு என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 2023 இல் சுற்றறிக்கை வாயிலாக மதிப்பை உயர்த்தியது முறைப்படி செய்யப்படவில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கிற்று. அதன்பின் 2024 ஜூலை 1 முதல் புதிய வழிகாட்டி மதிப்புகள் நடைமுறைக்கு வந்தன. மதிப்பு நிர்ணயத்தின் போது பொதுமக்கள் ஆட்சேபணை கூறுவதற்கு இடம் அளிப்பது விதி. அந்நாளில் மௌனமாக இருந்துவிட்டுப் பின்னர் வருந்துவது பயனற்றது.

தூங்கிக் கிடந்த கட்டணங்கள்

இதுவரை கூறியவை நூற்றுக்கு இவ்வளவு என்ற கட்டணங்கள். நிலைத்த தொகையாக உள்ளவற்றின் இயல்பு வேறு. பணத்தின் மதிப்பு குறையக் குறைய அவை தாமே இளைத்துக்கொண்டு வரும். எவரும் குறைக்காமலேயே வருமானம் குறையும். பின்னர் ஒருநாள் பெருந்தாவலாக உயர்த்த நேரிடும்.

2023 ஜூலை 10 முதல் நிகழ்ந்தது இதுவே. நெடுங்காலம் மாறாதிருந்த கட்டணங்கள் அன்று உயர்த்தப்பட்டன. ரசீதுப் பத்திரத்தின் பதிவுக் கட்டணம் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாயாயிற்று. குடும்பத்தினருக்குள் செய்துகொள்ளும் பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரங்களுக்கு உச்சபட்ச முத்திரைத் தீர்வை 25,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாகவும், உச்சபட்சப் பதிவுக் கட்டணம் 4,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்ந்தன. சிறிது சிறிதாக உயர்ந்திருந்தால் தாங்கியிருக்கக்கூடிய சுமை, ஒரே நாளில் ஏறும்போது, பாகம் பிரிக்க எண்ணிய குடும்பத்தைத் தயங்கச் செய்கிறது. தயங்குவோர் பாகத்தை வெள்ளைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வதும் உண்டு. அதனால் அரசாங்கத்திற்கு வருமானம் இல்லை. அவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை. அடுத்த தலைமுறையில் வழக்கு மட்டும் மிஞ்சும்.

ஆண்டுக் கணக்கைப் படிக்கும் முறை

‘கட்டணம் உயர்ந்தது, அவ்வாண்டு வருமானமும் உயர்ந்தது, ஆகவே உயர்வினால்தான் வருமானம்’ என்று முடிவு கட்டுவோர் பலர். எண்ணிக்கை என்ற மூன்றாவது உறுப்பை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அவ்வாண்டு நவம்பர் 8 ஆம் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. இரண்டும் பத்திர எண்ணிக்கையைப் பாதிக்கக்கூடியவை. அடுத்த ஆண்டில் தடையும் தளர்ந்து, பணப்புழக்கமும் சீரடைந்தபோது கட்டணமும் மாறிற்று. அவ்வாண்டின் வருமான ஏற்றத்தில் எவ்வளவு கட்டணத்தால், எவ்வளவு தேங்கிக் கிடந்த பத்திரங்கள் வந்ததனால் என்று பிரித்துப் பாராமல் தீர்ப்புச் சொல்லலாகாது. 2020 ஆம் ஆண்டின் ஊரடங்கையும் அவ்வாறே கணக்கில் கொள்ள வேண்டும்.

சில சமயம் வருமானத்தைத் தெரிந்தே விட்டுக்கொடுப்பதும் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துகள் பெண்கள் பெயரில் பதிவாயின் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 ரூபாய் குறைக்கப்பட்டது. நம் இயக்கத்திற்கும் இத்தகைய ஆதரவு பழமையானது. கூட்டுறவுச் சங்கங்களின் அலுவல் சம்பந்தமான பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையிலும் பதிவுக் கட்டணத்திலும் விலக்கு அளிப்பதற்கு 1912 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28 ஆவது பிரிவே அரசாங்கத்திற்கு அதிகாரம் தந்தது. அங்கத்தினர் தம் சொந்த உபயோகத்திற்கு வாங்கும் மனையின் கிரயப் பத்திரம் சங்கத்தின் அலுவல் ஆகாது என்பதையும் நினைவிற் கொள்க.

நம் சங்கங்களுக்கு இதில் பாடம் என்ன?

சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லும்போது, நஷ்டக் கணக்கைக் கண்ட நிர்வாகக் குழுவினர் முதலிற் கூறும் யோசனை கட்டணத்தை உயர்த்தலாம் என்பதே. ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். நெசவாளர் சங்கத்தின் சாயச்சாலை ஒன்று மாதம் 1,000 கிலோ நூலுக்குச் சாயம் தோய்க்கிறது. கிலோவுக்குக் கூலி 40 ரூபாய். வசூல் 40,000 ரூபாய். கூலி 50 ரூபாயாக உயர்த்தப்படுகிறது. நூல் 800 கிலோவாகக் குறைந்தால் வசூல் அதே 40,000. அதற்கும் கீழே போனால் நஷ்டம்.

சாயமும் விறகும் கிலோவுக்கு 25 ரூபாய் என்று கொண்டால், முன்பு அவை போக மிஞ்சியது 15,000 ரூபாய். இப்போது 800 கிலோவில் மிஞ்சுவது 20,000 ரூபாய். ஏட்டளவில் இது லாபமே. ஆனால் 200 கிலோ நூலுக்குரிய அங்கத்தினர்கள் வெளியார் சாயப்பட்டறைக்குப் போய்விட்டனர். அவர்களுக்காகவே அமைந்த சாயச்சாலை அவர்களுக்குப் பயன்படவில்லை. பத்திரம் பதிய வேறு அலுவலகம் இல்லை. ஆகவே அரசாங்கத்தின் கட்டணம் உயர்ந்தாலும் பெரும்பாலோர் அங்கேதான் செல்ல வேண்டும். சங்கத்தின் நிலை அதுவன்று. சங்கத்திற்குப் போட்டி அடுத்த தெருவிலேயே இருக்கிறது.

ஆகவே எக்கட்டணத்தையும் உயர்த்துமுன் பொதுச் சபையில் நான்கு கேள்விகள் கேட்கப்பட வேண்டும். எந்த மதிப்பின் மேல்? எத்தனை பேரிடமிருந்து? எந்தப் பைக்கு? எந்தச் சேவைக்காக? இந்நான்கிற்கும் எண்களோடு விடை கிடைத்தால் உயர்வுக்குக் கை தூக்கலாம். கிடைக்காவிட்டால் கணக்கைத் திருப்பி அனுப்பலாம். கட்டணத்தை நெடுங்காலம் தொடாமல் வைத்திருந்து ஒரே நாளில் பன்மடங்காக்குவதைவிட, ஆண்டுதோறும் செலவைச் சரிபார்த்துச் சிறிதளவு திருத்துவது சங்கத்திற்கும் அங்கத்தினர்க்கும் நன்று.

பயிற்சி வினாக்கள்

1. வழிகாட்டி மதிப்பு 2 லட்சம் ரூபாயாக இருந்த ஒரு மனைக்கு, 2017 மாறுதலுக்கு முன்னும் பின்னும், 2023 மாறுதலுக்குப் பின்னும் ஆகும் செலவைக் கணக்கிடுக. ஸ்தல ஸ்தாபனத்தின் பங்கைத் தனியே காட்டுக.

2. வரிக்கும் கட்டணத்திற்கும் உள்ள வேறுபாடு யாது? உங்கள் சங்கம் வசூலிக்கும் தொகைகளுள் சேவையோடு தொடர்பு காட்டக்கூடியவை எவை?

3. உங்கள் சங்கத்தில் ஐந்து ஆண்டுகளாக மாறாதிருக்கும் கட்டணம் எது? அச்சேவையின் செலவு அன்று எவ்வளவு, இன்று எவ்வளவு?

4. உங்கள் ஊரின் வழிகாட்டி மதிப்பு உண்மை விலைக்கு அருகில் உள்ளதா? இல்லையெனில் அடுத்த நிர்ணயத்தின் போது என்ன மனுச் செய்வீர்கள்?